ஆர்டர் பொம்மையியல்: ஓர் அறிமுக ஆய்வு

கடையில் பொம்மை வாங்குகிறவன் பொம்மையைப் பார்த்து விலை பேசுகிறான். சொல்லிச் செய்விக்கிறவன் இல்லாத பொம்மைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கண்ணை மூடிப் பார்க்கிறான். இந்தக் கண்மூடும் கட்டத்தைப் பற்றித் தமிழில் முறையான ஆய்வு இல்லை என்ற குறையை இக்கட்டுரை நீக்கும். ஆய்வுக்களம்: ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும், இடையே உள்ள சுமார் 12 கிலோமீட்டர் டவுன்பஸ் பயணமும். ஆய்வுக்காலம்: ஆடிப்பூரம் முதல் நவராத்திரி வரை. ஆய்வு நிதி: மளிகைக் கணக்கிலிருந்து எடுத்தது, நிதி வழங்கியவருக்கு இன்னும் தெரியாது.

அட்வான்ஸ் என்பது புதுப்பழக்கம் அல்ல. தென்மாவட்டங்களில் அய்யனாருக்கு மண்குதிரை செய்யச் சொல்லும்போது ஊரார் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். அதுதான் ரசீது. மண் கை மாறிவிட்டால் குதிரை நின்றே ஆகவேண்டும். இன்றைய பொம்மைக்காரர்கள் பணம் கேட்கிறார்கள் என்பது ஒன்றுதான் வேறுபாடு. தாமதம் தொன்றுதொட்டு வருவது.

இனி, மக்கள் எதைக் கேட்கிறார்கள்? சாமி பொம்மைக்கு யாரும் ஆர்டர் கொடுப்பதில்லை. தசாவதாரமும் செட்டியார் கடையும் திருப்பரங்குன்றம் பக்கத்து விளாச்சேரியில் அச்சில் வார்த்துத் தயாராகக் கிடைக்கின்றன. அச்சில் இல்லாததைத்தான் மனசு கேட்கிறது. ராஜபாளையத்தில் அது, சந்தேகமில்லாமல், நாய்.

2005-இல் இந்திய அஞ்சல்துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. நால்வரில் நம்மவரும் ஒருவர். வெள்ளை உடம்பு, ரோசா மூக்கு. அடையாளமே மூக்கில்தான் இருக்கிறது. ஆய்வாளன் தன் சொந்தச் செலவில் (மேற்படி மளிகைக் கணக்கு) ஒன்று செய்யச் சொன்னான். வந்தது வெள்ளையாக, ஒல்லியாக, கறுப்பு மூக்குடன் இருந்தது. விளக்கம் கேட்டதற்கு, “மூக்கை ரோசாவா அடிச்சா, பெயின்ட்டு பத்தலையான்னு கேப்பாகய்யா” என்றார் செய்தவர். மறுக்க முடியவில்லை. அந்தப் பொம்மையைக் கொலுவில் பார்த்த மூன்று பேர் ஆட்டுக்குட்டி நன்றாக இருக்கிறது என்றார்கள்.

அணிலிலும் இதே சிக்கல். கொலு அணிலுக்கு ராமர் தடவிய மூன்று கோடு கட்டாயம். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் 1988-இல் சரணாலயம் அமைத்துக் காப்பாற்றப்படுகிற சாம்பல் நிற அணிலுக்கு முதுகில் கோடே கிடையாது, ஆளும் பெரிசு. சேதுபந்தனத்தன்று லீவு போட்டிருக்கும். கோடு போடாமல் செய்தால் பார்ப்பவர் கீரி என்பார். கோடு போட்டால் வனத்துறை கோபிக்கும். இவ்விஷயத்தில் ஆய்வு முடிவை ஒத்திவைத்திருக்கிறேன்.

கோபுரம் கேட்பவர்களுக்கு ஓர் அறிவுரை: வேண்டாம். பதினோரு நிலையையும் அரை அடிக்குள் அடக்கிச் செய்து கொடுத்தாலும், அரசு முத்திரையில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரமா, மதுரை மேலக்கோபுரமா என்ற வழக்கு கொலு பார்க்க வந்தவர்களுக்குள் தொடங்கிவிடும். சுண்டல் ஆறிப்போகும். ரேஷன் கார்டிலேயே சின்னதாக ஒன்று இலவசமாக அச்சடித்திருக்கிறார்களே, போதாதா?

கனவுப் பொம்மை என்றால் கனவிலேயே வந்த பொருள் ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. ஆண்டாள் தன் கல்யாணத்தைக் கனவாகச் சொன்ன பாடல்கள், நாச்சியார் திருமொழியில் ஆறாவது பதிகம். தோரணம், பூரண கும்பம், முகூர்த்தக் கூறை உடுத்த வரும் நாத்தனார், முத்துப்பந்தல், அம்மி மிதிப்பது, பொரியிடுவது என்று ஒரு கல்யாண செட்டுக்கு வேண்டிய பட்டியல் முழுவதும் அதில் உண்டு. எந்தப் பொம்மைக்காரரும் இவ்வளவு தெளிவான ஆர்டரைப் பார்த்திருக்க மாட்டார். சிக்கல் முதல் வரியிலேயே: மாப்பிள்ளையைச் சூழ ஆயிரம் யானை.

கணக்குப் போட்டேன். படி ஆறடி அகலம், அதாவது 72 அங்குலம். யானைக்கு மூன்று அங்குலம் விட்டால் வரிசைக்கு 24. முன்னும் பின்னுமாக மூன்று வரிசை நிறுத்தினால் படிக்கு 72. ஆயிரத்துக்குப் பதினான்கு படி தேவை. இரட்டைப்படை ஆகாது, எனவே பதினைந்து. படிக்கு எட்டு அங்குல உயரம் என்றால் மொத்தம் பத்தடி. எங்கள் வீட்டுக் கூரையும் பத்தடி. கலசம் வைக்க மாடியைத் தோண்ட வேண்டும். மாப்பிள்ளைக்கு இன்னும் இடம் ஒதுக்கவில்லை.

குறையில்லாமல் நிறைவேறும் ஆர்டர் ஒன்றே ஒன்றைத்தான் இவ்வாய்வில் கண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் ஆண்டாள் இடதுகையில் இருக்கும் கிளி. மாதுளம்பூவில் மூக்கு, மரவள்ளி இலையில் உடம்பு, காக்காப்பொன்னில் கண். பல மணி நேரம் உட்கார்ந்து தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். அச்சு இல்லை, பெயின்ட் இல்லை, சூளை இல்லை. மூக்கின் நிறம் பற்றிய புகாருக்கும் வழியில்லை, ஏனென்றால் அது மாதுளம்பூ. மறுநாள் பக்தர் ஒருவர் வாங்கிப் போகிறார். வீட்டில் அது மெல்ல வாடுகிறது. பரணில் ஏற்றிப் பத்திரப்படுத்தும் வேலையும் இல்லை. பொம்மைக்காரர்கள் யாவரும் இம்முறையைப் பயில வேண்டுமென்று ஆய்வாளன் பரிந்துரைத்தால், அடுத்த வருஷம் அவனுக்கு யாரும் பொம்மை செய்து தரமாட்டார்கள். ஆகவே பரிந்துரைக்கவில்லை.

இந்த ஆண்டு எங்கள் கொலுவில் யானை ஒன்று நிற்கிறது. மீதி 999. வாசகர்கள் வீட்டுப் பரணில் மூன்று அங்குலத்துக்கு மிகாத யானை கிடந்தால் தந்து உதவவும். தந்தம் உடைந்திருந்தாலும் பாதகமில்லை.