பெட்டியத் திருப்பிப் படி, தாயி

முகூர்த்த மாசம் பொறக்குறதுக்கு முன்னாடியே கல்லாவைத் தொறந்துட்ட போலிருக்கு. ஒரு மணப்பொண்ணுக்கு அலங்காரம் பண்ணி ஒரே காலையில நீ வாங்குற காச, சின்னாளப்பட்டி சாயப்பட்டறையில மாசம் பூரா தொட்டிக்குள்ள கைய விட்டும் நான் வாங்குனதில்ல. தாத்தனுக்குப் பொறாமைன்னே வச்சுக்க. ஆனா பொறாமைக்காரன்தான் அடுத்தவன் பெட்டிய உத்துப் பாப்பான்.

பாத்தேன். உங்க ஆத்தா அசந்த நேரமாப் பாத்து, பூதக்கண்ணாடியோட உக்காந்து பாத்தேன். உன் கலர்ப் பெட்டியோட முன்பக்கத்துப் படத்துல ஒருத்தி இமையில ஆரம்பிச்சு புருவம் வரைக்கும் பஞ்சுமிட்டாய்க் கலர அப்பிக்கிட்டுச் சிரிக்கிறா. பின்பக்கத்து ஓரத்துல, எறும்பு மட்டும் படிக்கிற எழுத்துல, "கண் பகுதிக்கு அல்ல"ன்னு போட்டிருக்கு. கெட்டிக்காரன்டி. ஐ ஷேடோன்னு எங்கயுமே எழுதல. "அழுத்திய பிக்மென்ட்"னு எழுதிப்புட்டான். நாளைக்குப் பொண்ணு கண்ணு வீங்கினா அவன் எழுத்தக் காட்டித் தப்பிச்சுக்குவான். நீ எதக் காட்டுவ, அந்தப் படத்தையா?

"எல்லாமே ஸ்கின் சேஃப் தாத்தா"ங்கிற. இருக்கட்டும். திண்ணையில உக்காந்து மோர் குடிச்சிட்டுப் போற ஆளெல்லாம் அடுப்படிக்குள்ள வந்துற முடியுமா? சாயத்துக்கும் அந்தக் கணக்குதான். கன்னத்துக்குன்னா திண்ணை, உதட்டுக்குன்னா நடுவீடு, கண்ணுக்குன்னா அடுப்படி. எங்க வரைக்கும் வர அனுமதின்னு ஒவ்வொரு சாயத்துக்கும் தனித்தனியா எழுதி வச்சிருக்கான். நல்ல சாயமா கெட்ட சாயமான்னு கேக்குறது பாதிக் கேள்விதான். எந்த எடத்துக்குங்கிறது மிச்சப் பாதி.

அந்த எடம் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு அமெரிக்காக்காரன் சட்டத்துலயே கோடு போட்டிருக்கான். விரல வச்சுப் பாரு. புருவத்துக்கு அடியில ஒரு எலும்பு மேடு தட்டுதா? அப்படியே கீழ வா. கண்ணுக்குக் கீழ கன்னம் ஆரம்பிக்கிற எடத்துல இன்னொரு விளிம்பு தட்டும். இந்த ரெண்டு எலும்புக்கும் நடுவுல சுத்தி வர்றது பூராவும் கண் பகுதி. புருவம், இமை, இமைமுடி, உள்ள இருக்கிற சவ்வு, முழி, கீழ பொசபொசன்னு இருக்கிற சதை எல்லாமே அதுல அடக்கம். "நான் புருவத்துக்குத்தான் போட்டேன், கண்ணுக்குப் போடல"ன்னு சொல்ற சால்ஜாப்பு அங்க செல்லாது.

இனி நம்பருக்கு வருவோம். உன் பெட்டியில பொடி எழுத்துல சி.ஐ.ன்னு போட்டு அஞ்சு இலக்கத்துல வரிசையா நிக்குதே, அதப் பாத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அது எங்க ஆளுக நம்பருடி! இங்கிலாந்துல பிராட்ஃபோர்டுங்கிற ஊர்ல இருக்கிற சாயக்காரங்க சங்கம் 1924-25-ல முதமுதலாப் போட்ட "கலர் இண்டெக்ஸ்" புத்தகத்தோட வம்சம். சேலைக்கு முக்குறதுக்கு டிரம் சீட்டுல நான் எழுத்துக் கூட்டிப் படிச்ச அதே கணக்கத்தான் இன்னைக்கு நீ இமைக்குப் படிக்கணும். 77-ல ஆரம்பிச்சா கல்லு, மண்ணு, உலோகம். 75-ல ஆரம்பிச்சா செடியோ பூச்சியோ குடுத்தது. மத்ததெல்லாம் பெரும்பாலும் ஆலையில செஞ்ச கரிமச் சாயம்.

77491, 77492, 77499 மூணும் இரும்புத் துரு: சிவப்பு, மஞ்சள், கருப்பு. 77891 டைட்டானியம் வெள்ளை. 77007 அல்ட்ராமரைன் நீலம். 77742 மாங்கனீஸ் ஊதா. 77288 குரோமியம் ஆக்சைடு பச்சை. 77019 மின்னுற அப்பிரகம். இவங்களுக்கெல்லாம் அமெரிக்காவுல அடுப்படி வரைக்கும் அனுமதி உண்டு. ஆலையில செஞ்சதுன்னாலே வெஷம்னு அலறவும் வேணாம். 19140 மஞ்சள், 42090 நீலம் ரெண்டுக்கும் அங்க கண்ணுக்கு அனுமதி இருக்கு. ஆனா இந்த வகைச் சாயத்துல ஒவ்வொரு தொகுதியையும் அரசாங்கச் சோதனைக்கு அனுப்பிச் சான்று வாங்கணும்.

75470-ன்னு ஒரு செவப்பு இருக்கு, கார்மைன். அதுக்கும் கண்ணுக்கு அனுமதி உண்டு. சப்பாத்திக்கள்ளியில ஒட்டிக்கிட்டு வாழ்ற கொச்சினீல் பூச்சிய அரைச்சு எடுக்குறது. 18-ஆம் நூற்றாண்டு கடைசியில ஜேம்ஸ் ஆண்டர்சன்னு ஒரு வெள்ளைக்கார டாக்டரு இதுக்காகவே சைதாப்பேட்டையில கள்ளித் தோட்டம் போட்டாரு. சைவக் கல்யாணத்துக்குப் போனா முன்கூட்டியே சொல்லிரு. பந்தியில முட்டைக்கே முகஞ்சுளிக்கிற சம்பந்தி, இமையில பூச்சின்னா என்ன செய்வாரோ.

இப்ப 15850-ஐப் பாப்போம். லிப்ஸ்டிக்குல அடிக்கடி தட்டுப்படுற செவப்புக் குடும்பம். நீ என்ன செய்யிற? உதட்டுக்குப் போட்ட மிச்சத்த மோதிர விரல்ல தொட்டு, இமையில ஒரு இழுப்பு. அமெரிக்காவுல அது உதட்டோட நின்னுக்கணும், கண் பகுதிக்கு அனுமதி இல்ல. ஐரோப்பாவுல கண்ணுக்கும் விட்டிருக்கான். "முழுங்குற உதட்டுக்கே ஆகும்னா கண்ணுக்கு ஆகாதா?"ன்னு நீ மொறைக்கிறது தெரியுது. வயிறு வேற, கண்ணு வேற. கண்ணுக்குன்னு தனியாச் சோதிச்சுக் காட்டினாத்தான் அனுமதிச் சீட்டு. சீட்டு இல்லன்னா கண்ணு போயிரும்னு அர்த்தமில்ல, யாரும் பொறுப்பு ஏத்துக்கலன்னு அர்த்தம். உன் கல்யாணப் பொண்ணு எந்த ஊர்ச் சட்டத்துக்குக் கீழ உக்காந்திருக்கான்னு பாக்க வேண்டியது உன் வேலை. நம்ம நாட்டுக்கு இந்தியத் தர நிர்ணயக் கழகம் ஐ.எஸ். 4707-ன்னு பட்டியல் போட்டிருக்கு. எல்லாத்துக்கும் ஆகுறது தனி, கண்ணுக்குப் பக்கத்துல மட்டும் ஆகாதது தனின்னு பிரிச்சே வச்சிருக்கான்.

இந்தக் கோடெல்லாம் சும்மா வந்ததில்ல. 1933 வாக்குல அமெரிக்காவுல "லாஷ் லூர்"னு இமைமுடிக்கு ஒரு மை வித்தான். அதுல இருந்தது பாராஃபினிலீன் டயமின், எங்க வட்டாரத்துல பி.பி.டி.ம்போம். அழகாகணும்னு அழகு நிலையத்துக்குப் போன பொண்ணுகளுக்குக் கண்ணு வெந்து புண்ணாச்சு, பல பேருக்குப் பார்வை போச்சு, ஒருத்திக்கு உசுரே போச்சு. அதிகாரிங்க என்ன செஞ்சாங்கன்னு கேளு. ஒண்ணுமே செய்ய முடியல. 1906-ல போட்ட சட்டம் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் மட்டும்தான், அழகுச் சாமானுக்குச் சட்டமே கெடையாது. கடைசியில அந்தப் பொண்ணுகளோட முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டிக் கண்காட்சி வச்சாங்க. பத்திரிகைக்காரங்க அதுக்குக் "கொடூரக் கூடம்"னு பேரு வச்சாங்க. 1938-லதான் புதுச் சட்டம் வந்துச்சு. அதுலயும் தலைமுடிச் சாயக் கம்பெனிக்காரங்க எச்சரிக்கை மட்டும் ஒட்டிட்டுத் தப்பிச்சுக்கிட்டாங்க. இமைமுடிக்கும் புருவத்துக்கும் அந்தச் சலுகை கெடைக்கல.

அந்த எச்சரிக்கை கடல் தாண்டி நம்ம சட்டத்துக்கும் வந்துருச்சு. உங்கப்பன் தலைக்கு அடிக்கிற சாயப் பெட்டிய எடுத்துப் பாரு. முதல்ல தோல்ல கொஞ்சமாத் தடவிச் சோதிக்கணும், இமைமுடிக்கும் புருவத்துக்கும் போடக் கூடாது, போட்டா பார்வை போகலாம்னு எழுதிருக்கும். உள்ளூர் பாஷையிலயும் எழுதணும்னு விதி. நம்ம முக்குக்கடை சலூன்ல மாப்பிள்ளைக்கு மீசைக்கு அடிச்ச மிச்சத்த அப்படியே புருவத்துல இழுத்து விடுறானே, அவனும் தமிழ் படிச்சவன்தான். என் மீசைய ஏன்டி பாக்குற? அது கீழ் எலும்புக்கு வெகு தூரம் தள்ளி இருக்கு.

நீயும் லேசுப்பட்டவ இல்ல. "மருதாணிப் புருவம், முழுக்க இயற்கை"ன்னு போர்டு மாட்டிருக்க. நம்ம கொல்லையில நிக்கிற மருதாணிக்கே அமெரிக்காவுல தலைமுடிக்கு மட்டும்தான் அனுமதி. புருவத்துக்கும் இமைக்கும் கூடாதுன்னு பேரச் சொல்லியே எழுதிருக்கான். அதுலயும் கொஞ்ச நேரத்துல கருகருன்னு பிடிக்குற மருதாணின்னு ஒண்ணு விக்கிறான் பாரு. மருதாணி என்னைக்குடி கருப்பாப் பிடிச்சிருக்கு? உள்ள நம்ம பழைய ஆளு பி.பி.டி. உக்காந்திருப்பான்.

இயற்கைன்னு சொன்னதும் உங்க அப்பத்தா மை ஞாபகம் வந்துருச்சு. கரிசலாங்கண்ணிச் சாறுல துணிய ஊறப்போட்டுக் காயவச்சுத் திரி திரிச்சு, விளக்கெண்ணெய் ஊத்தி ஏத்தி, மேல செப்புத்தட்டக் கவுத்து வைப்பா. விடிஞ்சதும் வழிச்சு எடுத்த கரியில எண்ணெயக் குழைச்சு டப்பாவுல அடைப்பா. அவ காது கேக்குற தூரத்துல இதச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல, நீ கிட்ட வா. புகைக்கரியோட கரியாப் போகாத எண்ணெய்க் கசடும் ஒட்டிக்கிட்டு வரும். அதுல புத்துநோய் சந்தேகம் இருக்குன்னு 1976-ல அமெரிக்காக்காரன் கார்பன் பிளாக்க அழகுச் சாமான்ல இருந்தே தூக்கிட்டான். 2004-லதான் நல்லாச் சுத்தமான ஒரு வகைக்கு மட்டும் "டி அண்டு சி பிளாக் நம்பர் 2"ன்னு பேரு வச்சு, கண் மைக்கும் இமைக்கும் திரும்ப விட்டான். கரி அதே கரிதான், சுத்தம் வேற.

அப்பத்தா மையாவது கரி. சுர்மான்னு கல்ல அரைச்சு விக்கிறாங்களே, அதுல நெறையா ஈயக்கல்லு. சுத்தமான ஈயக்கல்லுன்னா 100 பங்குல 86 பங்கு ஈயம். நம்ம சட்டம் அழகுச் சாமானுக்குப் போடுற கரிமச் சாயத்துல ஈயம் பத்து லட்சத்துல 20 பங்குக்கு மேல கூடாதுங்குது. கணக்கு உனக்கே வரும், நீ பி.காம். பச்சப்புள்ளைக்குப் பூசினா அது கண்ணக் கசக்குன கைய நேரா வாய்க்குத்தான் கொண்டு போகும்.

நம்பர் சரியா இருந்தாலும் சரக்கு எந்த ரகம்னு கேளு. துணிக்குப் போட்ட பழைய பொடி நீலமும் 77007தான். கோயில் மதில்ல அடிக்கிற காவியும் இரும்புத் துருதான். தோண்டி எடுக்குற மண்ணுல ஆர்சனிக்கும் ஈயமும் கூடவே வரும்னுதான், அழகுச் சாமானுக்கு ஆலையில செஞ்ச துரு மட்டும்னு அமெரிக்கச் சட்டம் பிரிச்சு வச்சிருக்கு. ரெசின்ல சாவிக்கொத்து செய்யிறவங்களுக்கு விக்கிற மின்னல் பொடிய மலிவா இருக்குன்னு பொட்டலமா வாங்கிக் கலக்குற பாரு, அது எந்தக் கணக்குலயும் வராது. ஜிகினாவக் கேக்கவே வேணாம். கத்தரிச்ச ஓரம் முழியக் கீறும்.

2024 பிப்ரவரியில ரோடமின்-பி கலந்திருக்குன்னு நம்ம அரசாங்கம் பஞ்சுமிட்டாயத் தடை பண்ணுனப்ப, தெருவே பதறுச்சு. நீயும் பதறின, போன்ல எல்லாருக்கும் அனுப்பின. அந்த ரோடமினுக்குச் சாய நம்பர் 45170. அமெரிக்காக்காரன் 1988-லயே அழகுச் சாமான்ல இருந்து அதத் தூக்கிட்டான், ஐரோப்பாவுலயும் தடை. நாக்குல ஒட்டுனதுக்கு அவ்வளவு கூப்பாடு. அதே மின்னல் ரோஸு பேரு தெரியாத பொட்டலத்துல வந்து இமையில ஒட்டினா மட்டும் "கலர் தூக்கலா இருக்கு"ங்கிற.

சரி, கடைக்குட்டித் தம்பியக் கூப்புடு, அவன் கண்ணு நல்ல கண்ணு. பெட்டியத் திருப்பி முதல்ல அந்த எறும்பு எழுத்தத் தேடச் சொல்லு. அடுத்தது நம்பர் வரிசை. "இருக்கலாம்"னு ஒரு கூட்டல் கழித்தல் குறி போட்டு அதுக்குப் பின்னால அடுக்கிருப்பான், பாதிப்பேரு அங்கதான் படிக்கிறத நிறுத்துறாங்க. உள்நாட்டுச் சரக்குன்னா தயாரிப்பு லைசென்ஸ் நம்பரும் பேட்ச் நம்பரும், வெளிநாட்டுச் சரக்குன்னா இறக்குமதிப் பதிவு நம்பரும் இருக்கணும். எதுவுமே இல்லாம ஒரு பூனைப் படமும் இதயக் குறியும் மட்டும் இருந்தா, அத உன் சின்ன மாமியாருக்குப் பிறந்தநாள் பரிசாக் குடுன்னு சொல்ல வந்தேன். வேணாம், அவளுக்கும் ரெண்டு கண்ணுதான்.

பெட்டியில இருக்கிற பச்சைய மட்டும் எடுத்துக் காட்டு. 77288-ன்னு இருந்தா வச்சுக்க. நம்பரே இல்லன்னா, வித்தவனுக்கு இப்பவே எழுதிக் கேளு. என் போன்லயே எழுது, அதுல ரீசார்ஜ் இருக்கு. கீழ பேரு மட்டும் உன் பேரப் போடு.