மசினகுடிச் சாலைக்கு ஒரு பாராட்டு

மசினகுடிச் சாலையே, உன்னைப் புகழாமல் யாரைப் புகழ்வது? உதகையிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வருகிறாய். தெப்பக்காட்டில் மைசூர்ச் சாலையோடு சேர்கிறாய். நீ தார் பூசி, கார்களைக் கூட்டி வந்த பிறகுதான் சீகூர்ப் பீடபூமியின் மண்ணுக்கு விலை ஏறியது.

மழை குறைந்த பூமி அது. சனங்கள் மாடு மேய்த்தார்கள். சாணத்தை லாரியில் ஏற்றிக் கேரளத்துக்கு விற்றார்கள். எதை விதைத்தாலும் யானைக்குப் பங்கு போனது. அந்த நிலத்தைச் சென்ட் கணக்கில் எண்ணக் கற்றுக்கொடுத்தவன் நீ. காட்டோரம் என்றால் வாங்கத் தயங்கிய காலம் போய், காட்டோரம் என்பதற்காகவே வாங்க வந்தார்கள். விற்றவர் கையில் பணம் வந்தது. அவர் விற்ற நிலத்தில் விடுதி எழுந்தது. அந்த விடுதியில் ஊர்ப் பிள்ளைகளுக்கு அறை பெருக்கும் வேலையும் ஜீப் ஓட்டும் வேலையும் கிடைத்தன. எல்லாம் உன் தயவு.

உன் இடத்தேர்வு இன்னும் பெரிது. வடக்கே மாயாற்றின் பெரும்பள்ளம். தெற்கே நீலகிரியின் செங்குத்துச் சரிவு. நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் இந்தத் தரையில்தான் யானைக் கூட்டங்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் போய்வர வேண்டும். அவற்றுக்கு வேறு வழியில்லை. அந்த ஒடுக்கத்துக்குத்தான் நீ விருந்தினரை அழைத்து வந்தாய். அவர்கள் நிம்மதியாகத் தூங்க மின்வேலிகளும் வந்தன.

யானை நடக்கும் உரிமையை நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோன புகழும் உன்னுடையதே. 2010-இல் தமிழக அரசு யானை வழித்தடத்தை அறிவித்தது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 2018-இல் விடுதிகளைப் பூட்டி முத்திரையிட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வழித்தடம் செல்லும் என்ற இறுதித் தீர்ப்பு 2020 அக்டோபர் 14 அன்று வந்தது. அந்தப் பத்து ஆண்டுகளும் நீ ஒரு நாள்கூட ஓயாமல் வண்டிகளைச் சுமந்தாய்.

உன் உழைப்பில் ஒன்றை நான் மறக்கமாட்டேன். மசினகுடியில் விடுதிப் பக்கம் வந்த ஒரு யானைமீது நெருப்பை வீசினார்கள். காது எரிந்தபடி அது ஓடியது. 2021 ஜனவரியில் அதை லாரியில் ஏற்றித் தெப்பக்காட்டு முகாமுக்குக் கொண்டுபோனபோது, அந்த லாரியையும் நீதான் சுமந்தாய். போகும் வழியிலேயே யானை செத்தது.