ஓடும் பெட்டியும் நகராத கட்டடமும்

சிகாகோவின் புல்மன் நிறுவனத்துக்குச் சொந்தமான படுக்கைப் பெட்டிகளில் எதுவும் பென்சில்வேனியாவில் நிலையாகத் தங்கவில்லை எனினும், எந்நேரமும் சராசரியாக 100 பெட்டிகள் அங்கே இருந்ததால், நிறுவனத்தின் பெட்டிகள் ஓடிய ரயில்பாதைகளின் மொத்த மைல்களில் அம்மாநிலத்துக்குரிய பங்கின்படி நிறுவனத்தின் மூலதனத்துக்கு வரி விதிக்கலாம் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1891-இல் தீர்ப்பளித்தது. நாடோடிக்கும் வீட்டுவரி போடும் இக்கணக்கை மூன்று நீதிபதிகள் ஏற்கவில்லை. இந்தியாவிலோ, ஒன்றிய அரசின் சொத்துக்கு மாநிலமும் உள்ளாட்சியும் வரி விதிப்பதைத் தடுக்கும் அரசியலமைப்பின் 285-ஆம் பிரிவு, ரயில்வேயின் நகராத கட்டடங்களையும் காக்கிறது என்பதைப் பெல்லாரி நகராட்சி 1978-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்று அறிந்துகொண்டது. இவ்வகையில், மாவட்டத் தலைநகரான கள்ளக்குறிச்சி பாக்கியம் செய்த ஊர்: சின்னசேலத்திலிருந்து வரவேண்டிய ரயில்பாதை நெடுங்காலம் வந்துகொண்டே இருந்ததால், வசூலிக்க முடியாத வரியை எண்ணி ஏங்கவேண்டிய அவசியம் அதற்கு நேரவில்லை.