பேர்போன பேர்

17ஆம் நூற்றாண்டு லண்டனில், ஃப்ளீட் தெருவில் ஒரு தோல் வியாபாரி. கடை மூடியதும் பிரசங்கம். பெயர் ‘தேவனைத்-துதி’ பேர்போன். தமிழ்க் காதுக்குப் பேர்போன குடும்பம் போலத் தோன்றும். ஆங்கிலத்தில் அது வெற்றெலும்பு. 1653இல் படைத்தலைவர் கிராம்வெல் கூட்டிய பாராளுமன்றத்தில் இவரும் உட்கார்ந்தார். ஐந்தே மாதத்தில் கலைந்த அந்தச் சபைக்கு எதிரிகள் ‘பேர்போன் பாராளுமன்றம்’ என்றே பட்டம் கட்டினார்கள்.

இவர் பியூரிட்டன். புனிதர்களின் பெயரெல்லாம் போப்பாண்டவர் மிச்சம் வைத்த எச்சில் என்று நினைத்த கூட்டம் அது. சசெக்ஸ் பக்கம் ‘பாவத்துக்கு-வருந்து’ என்றுகூடப் பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள். நம் தோல்காரர் தன் மகனுக்கு வைத்ததாக வழிவழியாகச் சொல்லப்படும் பெயர் இது: ‘கிறிஸ்து-உனக்காக-மரிக்காதிருந்தால்-நீ-நரகத்துக்குப்-போயிருப்பாய்’. சாப்பிடக் கூப்பிட்டு முடிப்பதற்குள் கஞ்சி ஆறியிருக்கும்.

ஊருக்கு ஏது அவ்வளவு மூச்சு? தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டது: ‘நரகத்துக்குப்போன பேர்போன்’. அப்பா கொடுத்த ரட்சிப்பு, சுருக்கியதில் பறிபோயிற்று.

பையன் விவரமானவன். நிக்கோலஸ் பார்பன் என்று நாகரிகமாக உலவினான். ஹாலந்தில் மருத்துவம் படித்தான். நாடி பிடித்ததைவிட நிலம் பிடித்ததே அதிகம். 1666இல் லண்டன் எரிந்து 13,000 வீடுகள் சாம்பலாயின. பிறர் அழுதார்கள், டாக்டர் பார்பன் கட்டினார். நெருப்பைக் காட்டிப் பயமுறுத்துவது அப்பாவின் தொழில். மகன் அதற்குப் பிரீமியம் வசூலித்தார். 1680 வாக்கில் தீக் காப்பீட்டு அலுவலகம் திறந்தார். செங்கல் வீட்டுக்கு ஒரு கட்டணம், மர வீட்டுக்கு இரண்டு மடங்கு. பரலோகக் காப்பீட்டில்கூட இவ்வளவு தெளிவான கணக்கு கிடையாது.

1684இல் ரெட் லயன் சதுக்கத்தைக் கட்டப்போனபோது, பக்கத்து கிரேஸ் இன் சங்கத்து வக்கீல்கள் தங்கள் காற்றும் வெளிச்சமும் போச்சென்று கைகலப்பில் இறங்கினார்கள். செங்கல் பறந்தது. சட்டம் படித்தவர்கள் கல்லெறிய, டாக்டரின் ஆட்கள் திருப்பியெறிய, கண்கொள்ளாக் காட்சி!

கட்டுவதற்குக் கடன் கொடுத்தவர்கள் கூட்டமாக வந்தால் முதலில் காக்க வைப்பார். பிறகு அரசவைப் பிரபுபோல உடுத்திக்கொண்டு இறங்கி வந்து, இனிக்க இனிக்கப் பேசுவார். வந்தவர்களின் கோபம் போய்விடும், பணமும்தான்.

தன் கடனை இன்னொருவர் உயிரைக் கொடுத்து அடைத்தார் என்று பெயரிலேயே சுமந்த மனிதர், 1698இல் செத்தார். தன் கடன் எதையும் அடைக்கக் கூடாது என்று உயிலில் எழுதிவைத்திருந்தார்.