பத்து லிட்டர்க் கடலார்

சங்கப் புலவர்கள் சிலரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பாடிய தொடரையே எடுத்துப் பெயராகச் சூட்டிவிட்டார்கள். செம்புலப்பெயல்நீரார் அப்படி வந்தவர்தான். எங்கள் குடியிருப்பின் இரண்டாவது மாடிக்காரருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு; வாக்காளர் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அவரைச் சந்தித்த இரண்டாவது நிமிடத்தில் அவர் வாயிலிருந்து வரும் தொடர் இதுதான்: "பத்து லிட்டர்தான் சார். ஆனா முழுக் கடல்." ஆகவே பழைய மரபுப்படி அவர் பத்து லிட்டர்க் கடலார்.

மீன் வளர்ப்பவர்களுக்குச் சென்னையில் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர்ப் பக்கம் போனால் கப்பி, மோலி, தங்கமீன், ஃபைட்டர் என்று பிளாஸ்டிக் பைகளில் ஊதிக் கட்டி, ஊரே தோரணம் தொங்கவிட்டது போல இருக்கும். கடலாரும் அங்கே போவார். ஆனால் அந்தக் கூட்டத்தில் தம்மைச் சேர்த்துக்கொள்ள மாட்டார். நன்னீர் மீன் வளர்ப்பவரிடம், கச்சேரிக்குப் போகிறவர் சினிமாப் பாட்டு ரசிகரிடம் பேசுகிற தொனியில், "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்பார். இரண்டாவது 'நல்லா இருக்கு'வில் இரக்கம் தொனிக்கும்.

அவர் தொட்டியை வாங்கியபோது நான் பார்க்கப் போனேன். நீளம் ஒரு சாண், அகலம் ஒரு சாண், உயரம் சற்றுக் கூட. உள்ளே தண்ணீர், வெள்ளை மணல், ஒரு கல். மேலே ஆம்னி பஸ்ஸில் இரவில் போடுவார்களே, அந்த மாதிரி நீல விளக்கு.

"மீன் எங்க சார்?"

"மீன் வராது."

"அப்புறம் இப்ப உள்ள என்ன இருக்கு?"

"பாக்டீரியா."

சொல்லிவிட்டு என் முகத்தில் வியப்பைத் தேடினார். அழுக்கிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நுண்ணுயிர்கள் முதலில் அந்தக் கல்லில் குடியேற வேண்டுமாம். அதற்கு வாரக்கணக்கில் ஆகுமாம். மூன்று மாதம் அந்த வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் அனைவரும் காபி குடித்துக்கொண்டே ஒரு கல்லைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பவளம் ஏன் வைக்கவில்லை என்று கேட்டால் கடலார் நிமிர்ந்து உட்காருவார். பவளப்பாறைகளை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலியும் அதே அட்டவணையில்தான். "புலியை ஹால்ல வெப்பீங்களா சார்?" என்பார். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடிமகன் என்ற முறையில் அவர் தேர்ந்தெடுத்தது கடல் சாமந்தி. அதாவது அனிமோன்.

அது வீடு வந்து சேர்ந்த கதை எங்கள் மாடிப்படியில் இன்றும் பேசப்படுகிறது. ஆயுத பூஜைக்கு முதல் நாள். கோயம்பேட்டில் சாமந்தி வாங்கி வரச் சொல்லி அவர் மனைவி அனுப்பினார். மனிதர் பைக்கைக் கொளத்தூருக்குத் திருப்பிவிட்டார். இருட்டிய பிறகு வந்து, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஏதோ ஒன்று மிதக்கும் பையை நீட்டினார்.

"சாமந்தி எங்கங்க?"

"இதுவும் சாமந்திதான். மினி கார்ப்பெட்."

"கார்ப்பெட்டா? இதை எங்க விரிக்கிறது?"

அன்றிரவு அந்த வீட்டில் நீல விளக்கைத் தவிர வேறெதுவும் எரியவில்லை என்று சொல்ல ஆசைதான். அண்டை வீட்டுக்காரனாக எனக்குக் காதில் விழுந்தது வேறு.

மறுநாள் இன்னொரு சிக்கல். புதிதாக வந்த ஜீவனுக்குப் பசிக்குமே. விளக்கு வெளிச்சத்தில் சமையல் செய்து கொடுக்கும் பாசிகள் அதன் உடம்புக்குள்ளேயே குடியிருக்கின்றன. பெரும்பகுதி சாப்பாடு அப்படியே நடந்துவிடும். ஆனாலும் வாரம் ஒருமுறை மிளகளவு இறால் கொடுத்தால் நல்லது. மாதமோ புரட்டாசி. முட்டை கூட வாசலைத் தாண்டாத வீட்டில், ஃப்ரீஸரின் அடித்தட்டில், மருந்து என்று எழுதி ஒட்டிய டப்பாவில் ஒரே ஓர் இறால் ஒளிந்திருந்தது. அந்தப் புரட்டாசியில் அந்த வீட்டில் அசைவம் சாப்பிட்டது அது ஒன்றுதான். அதுவும் பம்பை நிறுத்தி, இடுக்கியால் எடுத்து, எஜமானர் ஊட்டிவிட.

கடலாரின் அம்மாவுக்கு முதலில் புரியாதது உப்பு சமாசாரம்தான். மெரினாவுக்கு அரை மணி நேரத்தில் போய்விடலாம். வங்காள விரிகுடாவே அங்கே சும்மா கிடக்கிறது. மகனோ வெளிநாட்டு உப்பை வாளி வாளியாக வாங்குகிறான். "சமுத்திரத்தைப் பக்கத்துல வெச்சிக்கிட்டு உப்பை டப்பால வாங்குறியேடா" என்று கேட்டார். கரையோரத் தண்ணீரில் கூவமும் அடையாறும் கொண்டுவந்து சேர்ப்பதையும், மழைக்காலத்தில் உப்பு இறங்கிவிடுவதையும் மகன் விளக்கினார். வீட்டுச் சமையல் உப்பைப் போட்டால் அது வெறும் சோடியம் குளோரைடு. கடல் என்றால் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் அளவோடு வேண்டும் என்றார். லிட்டருக்கு 35 கிராம் கணக்கு. சமையலறைத் தராசு அன்று காணாமல் போனது. இன்னும் திரும்பவில்லை.

அந்த 35 சரியாக இருக்கிறதா என்று பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு குழாய். ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். இருபது வருடமாகச் சாம்பாரில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல்லாத மனிதர், ஒருநாள் ரசத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு அந்தக் கருவி அடுப்படிக்குள் வரக் கூடாது என்று தடை உத்தரவு. இன்னொரு கருவி டி.டி.எஸ். மீட்டர். அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். என் வீட்டுக்கு வந்தபோது கொடுத்த தண்ணீரில் தோய்த்துப் பார்த்துவிட்டு, ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்கிற டாக்டர் போல, "120 இருக்கு சார்" என்றார். நான் அதைத்தான் பத்து வருடமாகக் குடிக்கிறேன். அவருடைய சாமந்திக்கு, உப்புக் கலப்பதற்கு முன் தண்ணீர் சுழியத்துக்கு மேல் ஆகாது.

விருந்தாளிகளில் இரண்டு வகை. குழந்தைகள், "நீமோ எங்க அங்கிள்?" என்பார்கள். 2003-இல் அந்தப் படம் வந்ததிலிருந்து உலகெங்கும் அனிமோன் வைத்திருப்பவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பத்து லிட்டரில் கோமாளி மீனை அடைப்பது பாவம் என்று கடலார் பொறுமையாகச் சொல்வார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகத் தொடங்குகின்றன, கூட்டத்தின் ராணி செத்துப்போனால் அவள் புருஷனே பெண்ணாக மாறிவிடும் என்ற தகவலையும் ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் என்ன கேட்டதோ, அந்தக் குடும்பம் பிறகு வரவேயில்லை.

பெரியவர்கள் வேறு மாதிரி. "இது என்ன பண்ணும்?" என்பார்கள். இங்கேதான் கடலார் தடுமாறுவார். அதற்கு மூளை இல்லை, இதயம் இல்லை. உடம்புக்கு ஒரே வாசல். சாப்பாடு போவதும் மிச்சம் வருவதும் அந்த வழியே. நாள் முழுக்க விரிந்திருக்கும், ராத்திரி சுருங்கும். "ஒண்ணும் பண்ணாது சார். அதுதான் விசேஷம்" என்பார். "நம்ம ஆபீஸ்லயும் ஒருத்தர் இருக்கார்" என்று சொல்லாமல் போன விருந்தாளி இதுவரை இல்லை.

ஆனால் ஒன்றும் பண்ணாத அந்த ஜீவன் பண்ணுகிற பாடு எனக்குத் தெரியும். இடம் பிடிக்கவில்லை என்றால் அது நகரும். அடிப்பாதத்தால் அங்குலம் அங்குலமாக. வாஸ்து பார்க்கும் குடித்தனக்காரர் மாதிரி, திங்கட்கிழமை கல் மேல், புதன்கிழமை கண்ணாடியில், வெள்ளிக்கிழமை மோட்டார் தண்ணீர் இழுக்கும் துளைக்கு அருகில். அதற்குள் சிக்கினால் துருவிய தேங்காய்தான். என்ன குறை என்று வாய் திறந்து சொல்லவும் செய்யாது. கடலார் துளைக்கு ஸ்பாஞ்சு கட்டிவிட்டு, நாற்காலி போட்டு விடிய விடியக் காவல் இருந்தார். அவர் மகளின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முந்தைய இரவு கூட அவர் பத்து மணிக்குத் தூங்கிவிட்டார் என்பது வீட்டம்மாவின் வாக்குமூலம்.

ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு என் கதவைத் தட்டினார். "போயிடுச்சு சார்." யார் என்று பதறிச் செருப்பைத் தேடினேன். தொட்டியில் அது மூக்கு சிந்திய காகிதம் போலச் சுருண்டு கிடந்தது. செத்த அனிமோன் அழுகினால் பத்து லிட்டரும் மணிக்கணக்கில் விஷமாகிவிடும். முகர்ந்து பார்க்கத்தான் என்னை எழுப்பினாராம், அவருக்குச் சளி. முகர்ந்தேன். கடல் வாசனைதான். காலையில் அது கழிவை வெளியேற்றிவிட்டு, முன்னைவிடப் பெரிதாக மலர்ந்து உட்கார்ந்திருந்தது.

சித்திரை வெயிலில் இன்னொரு சோதனை. இருபத்தாறு டிகிரி அளவில் வாழும் ஜீவன். முப்பதைத் தாண்டித் தகித்தால் உள்ளே குடியிருக்கும் பாசிகளை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். ஹாலுக்கு ஏ.சி. வேண்டும் என்று அம்மா மூன்று கோடையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சாமந்திக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. அம்மா கோபிக்கவில்லை. சோபாவைத் தொட்டி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். சீரியல் பார்க்கும்போது இடையிடையே அதையும் பார்க்க ஆரம்பித்தது அப்போதுதான்.

பிறகு நத்தை ஓட்டில் ஒட்டிக்கொண்டு ஒரு வேண்டாத அனிமோன் வந்து சேர்ந்தது. ஐப்டேசியா என்று பெயர். நவராத்திரிக் கதையில் ரத்தபீஜன் வருவானே, ஒரு சொட்டு ரத்தம் விழுந்தால் இன்னோர் அசுரன் எழுவான், அதே பரம்பரை. பிய்த்து எடுத்தால் ஒட்டியிருக்கும் துணுக்கெல்லாம் தனித்தனியாக முளைக்கும். கடலார் பிய்த்தார். ஒன்று ஏழாயிற்று. அப்புறம் அதன் வாயில் ஊசியால் செலுத்த வெளிநாட்டிலிருந்து ஒரு வெள்ளைப் பொடி வரவழைத்தார். குழைத்துக்கொண்டிருந்தபோது அம்மா எட்டிப் பார்த்து, "இது என் சுண்ணாம்புடா" என்றார். டப்பாவைத் திருப்பிப் பார்த்தார் மகன். கால்சியம் ஹைட்ராக்சைடு. வெற்றிலைப் பெட்டியில் இருப்பதும் அதுதான். அன்று முதல் அசுர வதத்துக்குச் சுண்ணாம்பு அம்மா உபயம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர், மின்சாரம் இல்லை. கீழ்த்தளத்துக்காரர்கள் மூட்டை முடிச்சோடு மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தோம். கடலார் இன்வெர்ட்டரிலிருந்து விசிறியைப் பிடுங்கிவிட்டுத் தொட்டியின் பம்பைச் செருகியிருந்தார். செல்போனுக்கு சார்ஜ் கேட்டு வந்தவர்களிடம், "ஒரு பாயின்ட்தான் இருக்கு" என்றார் தலைகுனிந்து. ஊரே தண்ணீரில் மிதக்கிறது. இவர் பத்து லிட்டருக்காகக் கண் கலங்குகிறார். எனக்கு ஆத்திரமாக வந்தது உண்மை. ஆனால் அந்த இரவு முழுக்க இருட்டில் பொட்டு நீல வெளிச்சமும் களகளவென்ற சத்தமும் இருந்த ஒரே அறை அதுதான் என்பதால், குழந்தைகள் எல்லாம் அங்கேயே போய்த் தூங்கினார்கள்.

இதற்கெல்லாம் காரணம் அந்தப் பத்து லிட்டர் அளவுதான் என்று எனக்குப் புரிந்தது அவர்கள் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போனபோது. ஐந்து நாள் பொறுப்பு எனக்கு. கண்ணாடியில் கருப்பு மார்க்கரால் ஒரு கோடு. தண்ணீர் எப்போதும் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும்.

"தினம் 200 மில்லி ஆவியாயிடும் சார். நல்ல தண்ணிதான் ஊத்தணும், உப்புத் தண்ணி ஊத்திடாதீங்க. தண்ணி பறந்துடும், உப்பு பறக்காது."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் ஐந்து நாளும் மறந்தால் ஒரு லிட்டர் போய்விடும். 35 இருந்த உப்பு 39-ஐத் தொடும். வங்கக் கடலில் ஒரு லாரித் தண்ணீர் குறைந்தால் கடலுக்குத் தெரியாது. இங்கே ஒரு டம்ளர் குறைந்தால் பூகம்பம். கடல் சின்னதாக ஆக ஆக அதற்கு வேலைக்காரன் பெரிதாக வேண்டியிருக்கிறது. அகத்தியர் சமுத்திரத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போய்விட்டார். எடுத்துவந்து ஹாலில் வைத்துக் காப்பாற்றச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும் முனிவருக்கு.

இந்த ஆண்டு ஆயுத பூஜைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தொட்டிக்கும் சந்தனப் பொட்டு, குங்குமம். அம்மா ஒரு சாமந்திப் பூவை எடுத்து மேலே வைக்கப் போனார்.

"அம்மா! பூவுல மருந்து அடிச்சிருப்பான்! உள்ள விழுந்தா முடிஞ்சுது!"

பூ ஒரு சாண் தள்ளி வைக்கப்பட்டது. பொரியை மென்றுகொண்டே அம்மா கேட்டார்: "இது எத்தனை வருஷம்டா இருக்கும்?"

கடலாருக்குப் பிடித்த கேள்வி. ஸ்காட்லாந்தில் டேலியல் என்று ஒருவர் 1828-இல் கடற்கரையிலிருந்து ஓர் அனிமோனை எடுத்துவந்து கண்ணாடிச் சாடியில் வளர்த்தார். விளக்கில்லை, பம்பில்லை. 'பாட்டி' என்றே அதற்குப் பெயர்.

"அவர் எப்போ போனார்?"

"1851."

"அது?"

"1887 வரைக்கும் இருந்துச்சும்மா."

அம்மா மென்றதை நிறுத்தினார். "நடுவுல யாரு பாத்துக்கிட்டா?"

"தெரிஞ்சவங்கதான். கைமாத்திக் கைமாத்தி."

அம்மா மகனைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். மருமகள் சுண்டல் கிண்ணத்தைப் பார்த்தார். அப்புறம் மூவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

அவசர வேலை இருப்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டேன். பாதி மாடி வந்ததும் கால் நின்றது. பூஜை பரபரப்பில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். தண்ணீர் கோட்டுக்கு ஒரு நெல்லளவு கீழே நின்றது.

திரும்பி ஏறினேன்.