ஒரகடத்து ஷிப்ட் பஸ்

எங்கள் ஊர் ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. பழைய செங்கல்பட்டு ஜில்லாவை ஏரி ஜில்லா என்பார்கள். எங்கள் ஊரும் ஏரியை நம்பிய ஊர்தான். கலங்கல் வழிந்தால் இரண்டு போகம் நெல், வழியாவிட்டால் ஒரு போகமும் கொஞ்சம் கேழ்வரகும். 1970களில் படித்த பையனுக்கு அங்கே வேலை கிடையாது. ஐடிஐ முடித்தவன் பெட்டி கட்டிக்கொண்டு அம்பத்தூர் போவான். நானும் போனேன்.

ஐடிஐயில் ஃபிட்டருக்கு முதல் பாடம் அரம் பிடிப்பது. ஒரு இரும்புக் கட்டியைக் கையில் கொடுத்து, ஆறு பக்கமும் சதுரமாக ராவச் சொல்வார்கள். ராவி முடித்ததும் வாத்தியார் அதன்மேல் மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். இரும்புக்கும் மட்டத்துக்கும் நடுவே மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் திரும்ப வைஸில் மாட்ட வேண்டியதுதான். அம்பத்தூரில் உதிரிபாகம் அடிக்கும் அச்சுகளை, அதாவது டைகளைச் செய்யும் டூல் ரூமுக்குப் போனபோது அதே பாடம்தான் இன்னும் கடுமையாகத் தொடர்ந்தது. டையின் ஒரு முகத்தில் நீல மையை மெல்லிசாகத் தடவி, மறு முகத்தை அதன்மேல் உட்கார வைத்து எடுப்போம். நீலம் ஒட்டிய இடம் மேடு. அந்த மேட்டை மட்டும் ஸ்கிரேப்பரால் சுரண்டி, மறுபடி நீலம் தடவி, மறுபடி சுரண்டி, முகம் முழுக்க ஒரே சீராக நீலம் படியும்வரை விடமாட்டார் ஃபோர்மேன். ஒரு ஆள் டூல் ரூமில் தனியாக நிற்க ஐந்தாறு வருஷம் ஆகும். அவனை உருவாக்க அவ்வளவு செலவு செய்த முதலாளி அவனை லேசில் அனுப்பமாட்டார். எங்களோடு சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் அதே வாசலில் நுழைந்து, அதே வாசல் வழியாக ஓய்வுபெற்றுப் போனார்கள்.

சென்னையின் மோட்டார் தொழிலை வெளிநாட்டுக் கம்பெனிகள் 1990களில் கொண்டுவந்து இறக்கியதாகப் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வரும். 1948இலேயே அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டினார்கள். 1955இல் அது அசோக் லேலண்ட் ஆகி லாரிக்கும் பஸ்ஸுக்கும் மாறியது. அதே 1950களில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட். வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, முதலில் இரண்டு கதவோடும் பிறகு நான்கு கதவோடும் வந்தது; 1988இல் அந்தத் தொழிற்சாலை நின்றது. பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா. அம்பத்தூர் எஸ்டேட்டில் இவற்றுக்கு நட்டும் புஷ்ஷும் ஸ்பிரிங்கும் செய்து கொடுத்த நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள். காருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. நாங்கள் செய்த உதிரிபாகத்தோடு ஓடும் வண்டியில் நாங்கள் ஏறியதென்றால், அது அரசு பஸ்ஸில்தான்.

1991க்குப் பிறகு லைசென்ஸ் கட்டுப்பாடு தளர்ந்தது. மஹிந்திராவோடு சேர்ந்து ஃபோர்டு மறைமலை நகருக்கு வந்தது. ஹூண்டாய் 1996இல் ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையைத் தேர்ந்தெடுத்தது. அதுவரை இருங்காட்டுக்கோட்டை என்றால், சோழவரத்துத் தடத்துக்குப் பிறகு வந்த மோட்டார் பந்தயத் தடம் மட்டும்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் அவதரித்த தலம். 1991க்குப் பிறகு ராஜீவ் காந்தியின் சாவும் அந்தப் பெயரோடு சேர்ந்துகொண்டது. 1998இல் சாண்ட்ரோ வெளிவந்தது. அதே 1998இல் பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் தரத்துக்கான டெமிங் பரிசை வாங்கியது. இந்த இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பேன். வரிச் சலுகையை எந்த மாநிலமும் கொடுக்கும். துறைமுகமும் நம்மிடம் மட்டும் இல்லை. ஆனால் வந்திறங்கிய மறுநாளே பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் ஆள் தேட வேண்டாத ஊர், நாற்பது வருஷம் ராவியும் சுரண்டியும் கை பழகியவர்கள் இருந்த ஊர், இது.

பிறகு மோட்டார் தொழில் எங்கள் ரோட்டுக்கே வந்துவிட்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிஸ்ஸான். 2012இல் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரி. 2013இல் திருவொற்றியூரிலிருந்து ராயல் என்ஃபீல்டும் இங்கே புதிய தொழிற்சாலை கட்டியது. நான் வேலை தேடி எந்த ஊரை விட்டுப் போனேனோ, அந்த ஊருக்கு இப்போது திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சியிலிருந்தும் ஒடிசா, பிகாரிலிருந்தும் பையன்கள் வேலை தேடி வருகிறார்கள். களத்துமேட்டில் வரிசை வீடு கட்டி, ஒரு அறைக்கு ஐந்து ஆறு பேர் என்று வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரிய எழுத்தில் ஓட்டல் பலகை. விடியற்காலையில் ஷிப்ட் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்போது எதிரே வரும் பால்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத்தான் நிற்க வேண்டும்.

இதையெல்லாம் பார்த்து விவசாயம் போயிற்றே என்று மட்டும் புலம்ப நான் தயாரில்லை. நாற்று நட்டும் களை எடுத்தும் கூலி வாங்கிய குடும்பங்களுக்கு அந்த ஏரி பாய்ந்த நிலத்தில் ஒரு சென்ட் பாத்தியதை கிடையாது. அவர்கள் வாழும் காலனியிலிருந்து முதல் தடவையாக ஆட்கள் மாதச் சம்பளம் வாங்கியது கம்பெனி வந்த பிறகுதான். வயரிங் கம்பெனிக்குப் போகும் பெண்கள் தங்கள் பெயரில் ஸ்கூட்டி வாங்கியிருக்கிறார்கள். அது பெரிய விஷயம். ஆனால் கம்பெனிகளுக்கு நிலத்தைக் கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் எனக்கு ஆறாத கேள்வி.

என் தங்கை மகன் டிப்ளமோ படித்தவன். ஒரு கார் கம்பெனியில் கதவு லைனில் நின்றான். கதவு விளிம்பைச் சுற்றி வரும் ரப்பர் பீடிங்கைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பள்ளத்தில் உட்கார வைப்பது அவன் வேலை. நிமிஷத்துக்கு ஒரு வண்டி அவன் முன்னால் வரும். ஒரு தீபாவளிக்கு வந்தவனின் கையைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு கட்டைவிரல் நுனியும் காய்த்துப் பளபளவென்றிருந்தன. நகம் ஓரத்தில் கறுத்திருந்தது.

“என்னப்பா, கன்ஃபர்ம் ஆச்சா?” என்றேன்.

“எங்க மாமா? நான் நீம் ட்ரெய்னி. மூணு வருஷம் முடிஞ்சா அனுப்பிடுவாங்க. அடுத்த பேட்ச் உள்ள வரும்.”

“மூணு வருஷத்துல என்ன கத்துக்கிட்டே?”

“பீடிங் போடக் கத்துக்கிட்டேன் மாமா.”

அவன் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை. நீம் என்பது 2013இல் மத்திய அரசு கொண்டுவந்த பயிற்சித் திட்டம். அதன்படி மூன்று மாதம் முதல் மூன்று வருஷம் வரை ஒருவரைப் பயிற்சியாளராக வைத்துக்கொள்ள முடிந்தது. முடிந்ததும் வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. பயிற்சி என்ற பெயரில் லைன் ஓடியது. அவன் அங்கிருந்து வெளியே வந்து ஒரு டயர் கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்தான். இப்போது சீட் செய்யும் கம்பெனியில், அதுவும் கான்ட்ராக்ட். முப்பதைத் தாண்டிவிட்டான். பெண் பார்க்கப் போனால் முதல் கேள்வி, “மாப்பிள்ளை பெர்மனென்ட்டா?” என்பதுதான்.

பெர்மனென்ட் ஆனவர்களுக்கும் நிம்மதி என்று சொல்ல முடியவில்லை. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகரில் 2022 ஜூலையில் கடைசி வண்டி இறங்கியது. நேரடித் தொழிலாளர்களே இரண்டாயிரத்துக்கு மேல். அந்த ஆலையை நம்பிய சிறு பட்டறைகள் தனி. தொழிலாளர்கள் போராடி இழப்பீடு வாங்கினார்கள். ஆனால் நாற்பது வயதில், வீட்டுக் கடன் பாதியில் நிற்க, பெயின்ட் ஷாப்பில் மட்டுமே கை தேர்ந்த ஒரு மனிதனை எந்தக் கம்பெனி புதிதாக எடுக்கும்? 2024இல் ஏற்றுமதிக்காக அந்த ஆலையை மறுபடி இயக்க விரும்புவதாக ஃபோர்டு அரசுக்குக் கடிதம் கொடுத்தது. அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: பழைய ஆட்களை முதலில் கூப்பிட வேண்டும்.

சென்னையில் ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதெல்லாம் பேப்பரில் இரண்டு எண் வருகிறது. எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை. அதோடு இன்னும் இரண்டு எண்ணையும் எழுதி வாங்க வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்தால் சொல்கிறேன், எங்கள் எம்எல்ஏவிடமும் மனுவாகக் கொடுத்திருக்கிறேன். அந்த வேலைகளில் நிரந்தரம் எத்தனை? நிலம் கொடுத்த கிராமத்துப் பிள்ளைகளில் எத்தனை பேரை லைனிலிருந்து எடுத்து, டூல் ரூமிலும் மெயின்டனன்ஸிலும் ரோபோ பராமரிப்பிலும் வைத்து முழுத் தொழில் கற்றுக் கொடுப்பீர்கள்? சுத்துப்பட்டு ஊர்களிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.