ஒறம்பரை வருது, ஊட்டை ஒளிச்சு வை

அம்முணி, அந்தப் போனை அக்கட்டால வெச்சுட்டு இப்படித் திண்ணைக்கு வா. ஊட்டுல மூணு நாளா என்ன நடக்குதுன்னு பாத்தியா? உங்கம்மா பொடக்காலியில கெடந்த ஆட்டாங்கல்லை வைக்கப்போருக்குப் பின்னால உருட்டி விட்டுட்டா. உங்கய்யன் கட்டுத்தறைக்குப் படுதா கட்டிப்போட்டான். எருமை கத்துச்சுன்னா என்ன பண்ணுவாங்கன்னு தெரியல, அதுக்கும் ஒரு ரோசனை வெச்சிருப்பான். இத்தனையும் எதுக்கு? அமெரிக்காவுல டொலிடோங்கற ஊர்ல இருந்து உன்ற வயசுப் புள்ளை ஒண்ணு பத்து நாளைக்கு நம்மூட்டுக்கு ஒறம்பரையா வருது.

உங்க பள்ளிக்கோடமும் அதோட பள்ளிக்கோடமும் அக்கா தங்கச்சியாமா. இருக்கட்டும். நம்ம கோயமுத்தூரும் டொலிடோவுமே அக்கா தங்கச்சிதான், கையெழுத்துப் போட்டு வெச்ச உறவு. ஆனா இந்த உறவு முறை கொண்டாடறதுல டொலிடோக்காரங்க நமக்கெல்லாம் மூத்தவங்க. 1931லயே ஸ்பெயின்ல இருக்கற இன்னொரு டொலிடோவை உறவாக்கிக்கிட்டாங்க. ஏன்னு கேளு, பேரு ஒண்ணு. நம்ம பக்கம் கூட்டம் ஒண்ணா இருந்தா அண்ணந் தங்கச்சின்னு சொல்றமில்ல, அதே கணக்கு. பொறவு 1956ல ஐசனோவருன்னு அவுங்க சனாதிபதி, பெரிய சண்டையில படை நடத்துன மனுசன், சனமும் சனமும் பழகிக்கோணும்னு சொல்லி இந்த வேலையை நாடு நாடா இழுத்து உட்டாரு. தங்கச்சின்னு வாயில சொல்றது லேசு. இணைச்சீருக்குச் சேலை எடுக்கறவனைக் கேட்டாத்தான் தெரியும் பாடு.

அதனால அப்பாரு சொல்றபடி செய்யி. புள்ளை வந்து எறங்குனதும் நேரா மாலுக்குக் கூட்டிட்டுப் போ. பாவம், அமெரிக்காவுல மாலைக் கண்ணுல பாத்திருக்காது. அவினாசி ரோட்டுல பீட்சா வாங்கிக் குடு, அதுவும் அதுக்குப் புதுசாத்தான் இருக்கும். இங்கிலீசு படம் ஒண்ணு காட்டு. சந்தவை புழியறதை மட்டும் காட்டிப்போடாதே. காட்டுனா வெனை. அவிச்ச மாவைச் சுடச்சுட எடுத்து, கை பொறுக்காம ஊதி ஊதி, சந்தவை மரத்துல போட்டு உங்காத்தா மேல ஏறிச் சாஞ்சு அமுக்குவா. நூல் நூலா வட்டல்ல எறங்கும், தேங்காப்பாலும் வெல்லமும் மேல ஊத்துவா. அதைப் பாத்தா அந்தப் புள்ளை சும்மா இருக்குமா? நானும் அமுக்கறேன்னு வரும். மரம் அசையாது. ரெண்டு பேரும் சிரிப்பாங்க. பாசை தெரியாமலே உங்காத்தா அதுகூட ஒரு மணி நேரம் பழமை பேசிப்போடுவா. பொறவு ஊருக்குப் போயி அது எதைச் சொல்லும், மாலையா? உங்கய்யன் மானம் என்னத்துக்கு ஆகறது!

அப்பறம் தண்ணி. உங்கம்மா கேனு கேனா வாங்கி அடுக்கறா. சிறுவாணித் தண்ணியில பொறந்து வளந்தவ அவ, ஆனாலும் அமெரிக்காப் புள்ளைக்கு ஆகாதுங்கறா. அம்முணி, அந்த ஊர்ல 2014 ஆகஸ்ட்டுல என்ன நடந்துச்சுன்னு தெரியுமா? ஈரி ஏரியில பாசி படந்து நஞ்சாகிப்போச்சு. கொதிக்க வெச்சா நஞ்சு இன்னும் கெட்டிப்படும், குழாத் தண்ணியை வாயிலயே வெக்காதீங்கன்னு அஞ்சு லட்சம் சனத்தைத் தடுத்துப்போட்டாங்க. மூணா நாளுதான் குடிக்கலாம்னாங்க. காட்டுக்குப் போட்ட உரம் மழையில கழுவி ஆத்தோட ஏரிக்குப் போனதுல வந்த கேடு. அந்த ஆத்துக்குப் பேரு மாமீ. சிரிக்காதே, நெசம். ஆகவே நீ நம்ம நொய்யல் ஆத்தை ஒளிக்கப் பாடுபடாதே. சாயத்தண்ணி எறங்கி, 2011ல ஐகோர்ட்டே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதையை அதுகிட்டச் சொல்லு. அது மாமீ கதையைச் சொல்லட்டும். அக்கா தங்கச்சின்னா ஊட்டுக் கஷ்டத்தைத்தான பேசிக்குவாங்க?

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்குவேன். எனக்கு மனசு ஆறாத ஒண்ணு அந்த ஜீப்பு. எங்கய்யன் பட்டாளத்து ஏலத்துல எடுத்த வில்லிசு, கொட்டாயில துருப்புடிச்சு நிக்குது, வாஸ்தவம். அதையும் உங்கய்யன் படுதா போட்டு மூடிப்போட்டான், அசிங்கமா இருக்குதாமா. அட கூறு கெட்டவனே, அது பொறந்த ஊரே டொலிடோ! வில்லிசு கம்பெனி சண்டைக் காலத்துல ஜீப்பு செஞ்சது அங்கதான். பொறந்த ஊட்டுச் சனம் பாக்க வருது, இவன் கட்டிக் குடுத்த பொண்ணை உள்ள வெச்சுப் பூட்டறான். இன்னொண்ணு கேளு. டொலிடோவுக்கு லிப்பி கண்ணாடிக் கம்பெனி வந்து சேந்தது 1888ல. அதுல இருந்துதான் கண்ணாடி ஊருன்னு அதுக்குப் பேரு. நம்மூர்ல ஸ்டேன்ஸ் துரை நூல் மில்லு போட்டதும் அதே 1888. அங்க கண்ணாடி, இங்க பஞ்சு. ரெண்டையும் அலுங்காமத்தான் தூக்கோணும்.

பொறவு நீ அங்க போற முறை வரும். பொட்டியில பருப்புப்பொடி, ஊறுகா, முறுக்குன்னு திணிச்சுக்கோ. அவுங்க ஊட்டுல வெக்கற சோத்தைத் தொட்டுப்போடாதே. பொழுதோட எல்லாரும் ஒண்ணா உக்காந்து உங்கறப்ப நீ ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு உங்கம்மாவுக்குப் போனைப் போடு. அங்க ராத்திரி எட்டரைன்னா இங்க வெடியக்கால ஆறு மணி, பால் கறக்கற நேரம், உங்கம்மாவுக்கும் வேற வேலை இல்ல பாரு. பத்து நாள் முடிஞ்சதும் நயாகராவுல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு வந்துரு. கலங்கல்ல பொறந்த ஜி.டி. நாயுடு ஜெர்மனியில சவர மிசினு செய்ய வெச்சதெல்லாம் பொட்டியில ஊறுகா கொண்டுபோகாததாலதான் போலிருக்குது.

நேத்து பொழுதோட உங்கய்யன் பக்கத்துல வந்து தலையைச் சொறிஞ்சான். "ஏனுங்கய்யா, அந்தப் புள்ளை இருக்கற வரைக்கும் நீங்களும் அம்மாளும் தோட்டத்துச் சாளையில இருந்துக்கறீங்களா?"ன்னான். என்ற கோவணம் அவனுக்குக் கண்ணை உறுத்துதாமா. நானும் சரீன்னுட்டேன். கோவிச்சுக்கவே இல்ல. ஆட்டாங்கல்லு, சந்தவை மரம், எருமை, ஜீப்பு, எல்லாமே உங்களுக்கு எடைஞ்சல்தான, அங்கயே கொண்டுபோயிடறேன்னேன். ஜீப்பை இழுக்க டிராக்டருக்கும் சொல்லிப்போட்டேன்.

நாலா நாளு அந்தப் புள்ளையைக் காணமுன்னு தேடுனீங்கன்னா, போலீசுக்கெல்லாம் போக வேண்டாம். இட்டேரி வழியா வாங்க. வரும்போது தேங்கா ரெண்டு எடுத்துக்கிட்டு வாங்க.